அடைக்கலப் பட்டணத்துக்குப் போகும் வழி

(எபினே-சூர்-செய்னில் நமது சபையின் ஆண்டு நிறைவையொட்டி நடைபெற்ற பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது விரித்து எழுதப்பட்டது.)



இந்த மலரை வாசிக்கிற உங்களில் பலர் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருக்கவில்லை. அது பெண்கள் கூட்டம். ஆண்கள் வெளியே கதிரை அடுக்கிக்கொண்டும் சாப்பாட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டும் நின்றார்கள். ஆனால் நான் பேசியது பெண்களுக்கு மட்டும் உரிய காரியம் அல்ல. ஆகவே மலரில் போடலாமா என்று கேட்டபோது சம்மதித்தேன். வாழ்த்துச் செய்திகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் நடுவே இந்தப் பக்கங்களையும் பொறுமையோடு வாசிக்கும்படி அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்க வீடில்லாமல் நிற்கும் தாய்மாரையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். அதை என்னுடைய ஒரு பிழையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாத ஞாயிறு. ஆராதனை முடிந்து நான் பின்பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நம்முடைய சபைக்கு ஐந்தாறு தடவை வந்துபோன ஒரு சகோதரி, எல்லோரும் போகும்வரை காத்திருந்து, கடைசி ஆளாக என்னிடம் வந்தார். மூத்தவளுக்கு ஏழு வயதிருக்கும். சின்னவன் தோளில் தூங்கிப்போயிருந்தான். பிள்ளையின் பள்ளிக்கூடப் பை கையில் இருந்தது. அதற்குள் புத்தகம் இல்லை, உடுப்பு இருந்தது. நான் அதைக் கண்டேன்.

“அக்கா, இண்டைக்கு ஒரு ராத்திரி மட்டும் உங்கட வீட்டில தங்கலாமோ?”

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவருடைய கணவரை எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். எங்களுடையது இரண்டு அறை வீடு. விடிய ஐந்தரைக்கு எனக்கு வேலை. இவ்வளவும் ஒரு கணத்தில் மனதில் ஓடின. நான் சொன்னேன்: “கோபத்தில முடிவெடுக்கக்கூடாது தங்கச்சி. வீட்டை போம். நாளைக்கு ஐயாவையும் கூட்டிக்கொண்டு வந்து கதைக்கிறம்.” மிஞ்சியிருந்த வடையில் நாலைக் கடதாசியில் சுற்றிப் பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

மறுநாள் போனோம். கணவர் மட்டும் இருந்தார். தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார். சமாதானத்துக்காக ஜெபித்துவிட்டு, அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தோம். நல்ல காரியம் செய்த நிம்மதியும் எனக்கு இருந்தது.

இரண்டு வருடம் கழித்து லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடை வரிசையில் அவரைக் கண்டேன். அந்த இரவு அவர் வீட்டுக்குப் போகவில்லை. கார் து நோர் நிலையத்தில், சனம் குறையும்வரை யாரையோ எதிர்பார்த்து நிற்பவர்போல் நின்றிருக்கிறார். பிறகு இரவுப் பேருந்து. கடைசித் தரிப்பு வரை போவது, இறங்குவது, திரும்பி வரும் பேருந்தில் ஏறுவது. விடியும்வரை அப்படியே. “பஸ்சுக்குள்ள சூடு இருக்கும் அக்கா. பிள்ளைகள் படுத்திட்டுதுகள்” என்றார். பிறகு, கோபமே இல்லாமல், “நீங்கள் தந்த வடைதான் அண்டைக்கு இராச்சாப்பாடு” என்றார்.

நன்றி சொல்லத்தான் அவர் அதைச் சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

வேதம் சொல்லும் ஏற்பாடு

வேதத்தில் அடைக்கலப் பட்டணங்கள் ஆறு. யோர்தானுக்கு ஒரு பக்கத்தில் கேதேஸ், சீகேம், எபிரோன். மறுபக்கத்தில் பேசேர், ராமோத், கோலான். எண்ணாகமம் 35, உபாகமம் 19, யோசுவா 20 ஆகிய அதிகாரங்களில் வாசிக்கலாம். கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றுபோட்டவன், பழிவாங்க வருகிறவனுக்குத் தப்பி ஓடிப் பிழைக்கும்படி கொடுக்கப்பட்டவை அவை. நான் பேசுகிற பெண்கள் கைப்பிசகாய்க்கூட ஒரு குற்றமும் செய்யாதவர்கள். கொலை செய்தவனுக்கே இவ்வளவு ஏற்பாடு இருந்ததென்றால், இவர்களுக்கு எவ்வளவு இருக்கவேண்டும்?

அந்த அதிகாரங்களை நான் சிறு வயதிலிருந்து வாசித்திருக்கிறேன். மேற்சொன்ன சம்பவத்துக்குப் பிறகு வாசித்தபோதுதான் நாலு விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, பட்டணத்தைக் குறித்துவைப்பதோடு கட்டளை முடியவில்லை. அங்கே போகும் வழியையும் உண்டாக்கும்படி மோசே சொல்கிறார். காரணமும் சொல்கிறார்: தூரம் அதிகமானால், ஓடுகிறவன் போய்ச் சேருமுன் பிடிபட்டுவிடுவான். இரண்டாவது, ஓடிவந்தவன் பட்டண வாசலில் நின்று தன் காரியத்தைச் சொல்லவேண்டும், மூப்பர்கள் கேட்கவேண்டும். கேட்டபின் அவனை உள்ளே சேர்த்து, குடியிருக்க இடம் கொடுக்கவேண்டும். மூன்றாவது, இந்த ஏற்பாடு இஸ்ரவேலருக்கு மட்டும் உரியது அல்ல, நடுவில் தங்கும் பரதேசிக்கும் உரியது. நாலாவது, அந்த வாசம் முடிவில்லாதது அல்ல. பிரதான ஆசாரியனின் மரணத்துக்குப் பின் அவன் தன் சொந்த நிலத்துக்குத் திரும்பலாம்.

வழி, வாசலில் கேட்கும் காது, தங்க இடம், ஒரு நாள் சொந்த இடத்துக்குப் போவது. இந்த நாலும் சேர்ந்தால்தான் அடைக்கலம். நம்மில் அநேகர் மூன்றாவது படியை மட்டும் நினைத்து, “எங்களிட்ட இடம் இல்லையே” என்று ஒதுங்கிவிடுகிறோம். இடத்தைவிட மற்ற மூன்றுக்குத்தான் நாம் அதிகம் தேவை என்பதே நான் சொல்ல வந்தது.

பாரிசில் இரண்டு கட்டடங்கள்

இந்த நகரத்தில் அடைக்கலப் பட்டணம் என்ற பெயரிலேயே ஒரு கட்டடம் இருக்கிறது. இரட்சணிய சேனையைப் பற்றி நாகர்கோவில் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களின் கேதரின் பூத் மருத்துவமனை அங்கே எல்லோருக்கும் தெரியும். அதே சேனை 1881இல் பிரான்சுக்கு வந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின், வேலை தேடிப் பாரிசுக்கு வந்த இளம் பெண்கள் தங்க இடமின்றி அலைவதைக் கண்டு வருந்தியவர் அதன் தலைவர்களில் ஒருவரான பிளான்ஷ் பெய்ரோன் அம்மையார். 11ஆம் வட்டாரத்தில், சரோன் வீதியில், தனி ஆண் தொழிலாளருக்காக 1910இல் கட்டப்பட்ட பெரிய விடுதி ஒன்று இருந்தது. அவரும் கணவர் அல்பேன் பெய்ரோனும் பொதுமக்களிடம் காசு சேர்த்து அதை வாங்கி, 1926இல் ‘பெண்களின் மாளிகை’ என்ற பெயரில் திறந்தார்கள். எழுநூறுக்கு மேற்பட்ட அறைகள். ஒவ்வொருத்திக்கும் தனி அறை, தனிக் கதவு. இன்றும் அது பெண்களுக்குத் தங்குமிடமாக இயங்குகிறது.

அதற்கு ஏழு வருடம் கழித்து, 1933இல், 13ஆம் வட்டாரத்தில் சித்தே து ரெஃப்யூஜ் திறக்கப்பட்டது. பெயரின் பொருள் அடைக்கலப் பட்டணம்தான். கட்டியவர் உலகப் புகழ்பெற்ற லெ கொர்புசியே. பெரும் தொகை கொடுத்தவர் பொலினியாக் இளவரசி என்ற வின்னரெத்தா சிங்கர், தையல் மெசின் செய்த ஐசக் சிங்கரின் மகள். யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ அம்மம்மாமார் அந்தக் கால்மிதி மெசினில் தைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்த மெசின் விற்ற காசிலும் ஒரு பங்கு இங்கே வீடில்லாதவர்களுக்குக் கூரையாயிற்று என்பதை நினைக்க எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒரு பிழை இருந்தது. முன்பக்கம் முழுதும் கண்ணாடி. அழகுதான், ஆனால் திறக்க முடியாது. உள்ளே காற்றை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். கோடை வந்ததும் உள்ளே வெக்கை தாங்க முடியவில்லை. தாய்மாரும் குழந்தைகளும் இருந்த இடம் அது. முறைப்பாடுகள் எழுந்து, கடைசியில் திறக்கக்கூடிய ஜன்னல்கள் வைக்கப்பட்டன. மேதைக்கும் நல்ல மனதுக்கும் குறைவில்லை. ஆனால் உள்ளே இருக்கப்போகும் தாய்க்கு ஜன்னல் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நாம் உதவி செய்யப் போகும்போதும் இதை மறக்கக்கூடாது. “உமக்கு என்ன தேவை?” என்று முதலில் அவரிடம் கேட்கவேண்டும். அவருக்காக நாம் முடிவெடுத்தால், அந்த உதவியும் திறக்க முடியாத கண்ணாடிதான்.

நம்முடைய பக்கத்திலும் இந்தப் பணி புதிது அல்ல. பண்டித ரமாபாய் அம்மையார் 1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். பிறகு கேட்காவில், பஞ்சத்தில் தப்பிய பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து, படிப்பும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில், 1901 முதல், ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஆதரவற்ற பெண்பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு இருந்த பெயர் ‘அக்கா’. அந்தச் சகோதரியும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

இன்றைய வாசல்கள்

சரி, இன்றைக்கு இங்கே ஒரு தாய் பிள்ளைகளோடு வீதியில் நின்றால் என்ன வழி இருக்கிறது? எனக்கு அன்று இது தெரியாது. தெரிந்திருந்தால், குறைந்தது அவரோடு உட்கார்ந்து தொலைபேசியாவது எடுத்திருப்பேன்.

115 என்பது தங்க இடமில்லாதவர்களுக்கான இலக்கம். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை. விசா இருக்கிறதா இல்லையா என்பது இதற்குத் தடையல்ல. வீடின்றி நெருக்கடியில் இருக்கும் எவரும் எந்நேரமும் அவசரத் தங்குமிடம் பெற உரிமையுள்ளவர் என்று சட்டம் சொல்கிறது. தங்கவைத்தவரை, அடுத்த பொருத்தமான இடம் காட்டப்படும்வரை அங்கே இருக்க விடவேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் ஒன்று, நடைமுறை வேறு. இணைப்புக் கிடைக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். “இன்றைக்கு இடமில்லை” என்ற பதிலும் வரும். அப்படி வந்தாலும் மறுநாள் மறுபடி கூப்பிடவேண்டும். பிள்ளைகளோடு குளிரில் நின்றுகொண்டு, தெரியாத மொழியில், தொலைபேசியில் சார்ஜ் இறங்க இறங்கக் காத்திருப்பது ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் சூடான அறையில் உட்கார்ந்து கூடக் காத்திருந்தால், அதுவே வழி உண்டாக்குவதுதான்.

வீட்டில் அடியும் பயமுறுத்தலும் இருந்தால் 3919. இதுவும் இலவசம், பெயர் சொல்லத் தேவையில்லை, கட்டண விபரத்தில் அந்த இலக்கம் வராது. உடனடி ஆபத்தென்றால் 17. பேச முடியாத நிலையில் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 119.

நாம் வாழும் 93ஆம் மாவட்டம் பலவற்றுக்குப் பெயர் கெட்டது. ஆனால் இந்தக் காரியத்தில் நாட்டுக்கே வழிகாட்டியது. பெண்களுக்கெதிரான வன்முறையைக் கவனிக்கும் மாவட்ட அமைப்பை 2002இல் பிரான்சில் முதன்முதல் ஏற்படுத்தியது இங்கேதான். கடும் ஆபத்தில் உள்ள பெண்ணின் கையில் கொடுக்கும் அவசரத் தொலைபேசியும் 2009இல் இங்கேதான் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, பின்பு நாடு முழுவதற்கும் போனது. எபினேயில் ஏறும் 8ஆம் இலக்க ட்ராம் போய்ச்சேரும் சென்-தெனியில், தெலாஃபோந்தேன் மருத்துவமனையோடு சேர்ந்து, டாக்டர் கடா ஹத்தெம் 2016இல் ‘பெண்களின் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். வைத்தியர், உளவியலாளர், சட்ட உதவி, முறைப்பாடு எடுக்க வரும் பொலிஸ் எல்லாம் ஒரே இடத்தில். நாலு அலுவலகத்துக்கு நாலு தடவை போய் அதே கதையை அழுதுகொண்டு சொல்லத் தேவையில்லை.

இன்னுமொன்றையும் நம்மவர்கள் அறியவேண்டும். குடும்ப நீதிபதியிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதற்கு முன் பொலிசில் முறைப்பாடு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விசாரணைத் தேதி குறித்ததிலிருந்து ஆறு நாளுக்குள் நீதிபதி முடிவு சொல்லவேண்டும். 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த உத்தரவு பன்னிரண்டு மாதம் வரை செல்லும். வீட்டில் அவளும் பிள்ளைகளும் இருக்க, அடித்தவர் வெளியேறவேண்டும் என்றும் நீதிபதி உத்தரவிடலாம். வெளியேற வேண்டியவள் அவள்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “என்ர விசாவில வந்தனி, வெளிய போனால் உன்ர காட் போயிடும்” என்று பயமுறுத்தப்பட்டு வாழும் சகோதரிகள் நம் நடுவில் உண்டு. குடும்ப இணைப்பில் வந்தவள் வன்முறை காரணமாகப் பிரிந்தால், பிரிந்த காரணத்துக்காக அந்த அட்டையைப் பறிக்காதபடி சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் ஆதாரம் வேண்டும். வைத்தியர் சான்று, முறைப்பாட்டுப் பிரதி, ஏன், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடிதம்கூட உதவும். இவற்றின் பிரதிகளை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையானவரிடம் வைப்பது நல்லது.

இடம் கிடைத்த பின்

தங்க இடம் கிடைத்ததும் பாடு தீர்ந்தது என்று நினைக்கிறோம். அந்தச் சகோதரியின் நீண்ட பயணம் அங்கேதான் தொடங்கியது.

முதலில் ஒரு மலிவு ஹோட்டல் அறை. மூன்று பேருக்கு இரண்டு கட்டில். சமைக்கக்கூடாது. சோறு, கறி இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளா? ஒரு மைக்ரோவேவ், பத்துக் குடும்பம் வரிசையில். மூன்று மாதத்தில் வேறு ஊரில் வேறு ஹோட்டல். மகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற மனமில்லாமல், விடிய ஐந்து மணிக்கு எழுப்பி, ஒரு ரயில், ஒரு பஸ். வகுப்பில் பிள்ளை தூங்கினாள். ஆசிரியை கூப்பிட்டுக் கேட்டபோது, “தமிழ்ப் படம் பார்த்தனான்” என்று பிள்ளை பொய் சொன்னாளாம். எட்டு வயதில் தாயின் மானத்தைக் காக்கத் தெரிந்துவிட்டது.

பிறகு தாய்-பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. இத்தகைய விடுதிகளில் சமூகப் பணியாளர் ஒருவர் கூடவே இருந்து, வதிவிட அட்டை, குடும்பக் கொடுப்பனவு, பிரெஞ்சு வகுப்பு, வேலை, பிள்ளைக் காப்பகம் என ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு தாய் மூச்சு வாங்கி எழும்ப ஆறு மாதம் ஆகும், சிலருக்கு இரண்டு வருடமும் ஆகும். அதற்குப் பிறகு சொந்த வாடகை வீடு. பிரதான ஆசாரியனின் மரணத்துக்குப் பிந்திய நாள் அதுதான்.

அங்கேதான் வரிசை நெருக்குகிறது. பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் சமூக வீட்டுக்குக் காத்திருப்பது வருடக் கணக்கு. வீட்டு விண்ணப்பத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டும். மறந்தால் காத்திருந்த காலம் வீணாகலாம். 2007 மார்ச் 5இல் வந்த சட்டத்தின்படி, உரிய வதிவிட அனுமதி உள்ளவர் தங்குமிடத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேலும், இடைக்கால வீட்டில் பதினெட்டு மாதத்துக்கு மேலும் இருந்துவிட்டால், தமக்கு வீடு தரவேண்டும் என்று மாவட்டக் குழுவிடம் உரிமையாகக் கேட்கலாம். நம் மாவட்டத்தில், வன்முறையிலிருந்து மீண்ட பெண்களுக்கென்று சில நகரசபைகள் தங்கள் பங்கு வீடுகளில் ஒதுக்கித் தரும் ஏற்பாடும் உண்டு. ஒருத்தி வீடு கிடைத்து வெளியேறினால், விடுதியில் அவளுடைய கட்டில் இன்னொருத்திக்குக் கிடைக்கும். வெளியே போகும் கதவு அடைபட்டால், உள்ளே வரும் கதவும் அடைபடும்.

இத்தனைக்கும் அடிப்படை ஒன்று இருக்கிறது: கடிதம் வந்து சேர ஒரு முகவரி. ஹோட்டல் மாறி ஹோட்டல் போகிறவருக்கு அது இல்லை. ஒரு கடிதம் தவறினால் ஒரு சந்திப்பு தவறும், சந்திப்பு தவறினால் அட்டை தவறும், அட்டை தவறினால் கொடுப்பனவு நிற்கும். நகரசபையின் சமூக உதவி நிலையத்திலோ, அனுமதி பெற்ற சங்கங்களிலோ கடித முகவரி இலவசமாக எடுக்கலாம். அது ஒரு வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இது தெரியாமல், நம்மவரிடமே மாதாமாதம் காசு கொடுத்து முகவரி வாங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு தாயின் இல்லாமையை வைத்துக் காசு பார்ப்பது பாவம். மலரில் இப்படி எழுதலாமா என்று கேட்டார்கள். எழுதத்தான் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நம்முடைய சபை விடுதி கட்டப்போவதில்லை. வாடகை மண்டபத்தில் ஆராதிக்கிறவர்கள் நாம். ஆனால் வழியையும் வாசலையும் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சகோதரி வந்து சொன்னால், முதலில் கேளுங்கள். “பொறுத்துப்போ” என்று தொடங்காதீர்கள். பொறுமை ஆவியின் கனிதான். அடிபடுவது ஆவியின் கனி அல்ல. அவர் சொன்னதைக் கணவரிடமோ உறவினரிடமோ கொண்டுபோகாதீர்கள், ஜெபக்குறிப்பாகக்கூட. எங்கே தங்கியிருக்கிறார் என்பதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள். லா சப்பலில் மத்தியானம் ஒரு கடையில் சொன்னது, இரவுக்குள் சுவிசுக்கும் கனடாவுக்கும் போய்ச்சேரும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் வீட்டை விட்டு வர முடியாமல் இருக்கிறார்கள்.

மொழி தெரிந்தவர்கள் கூடப் போங்கள். வைத்தியரிடமும் பொலிசிலும் தாய்க்காகப் பிள்ளை மொழிபெயர்க்கும்படி விடாதீர்கள். தாய் பட்ட அடியைப் பிள்ளையின் வாயால் பிரெஞ்சில் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு காயம். இங்கே பிறந்து படித்த நம் வாலிபப் பெண்கள் ஒரு மாதத்தில் ஒரு காலை ஒதுக்கினாலே பெரிய காரியம்.

இரண்டு மூன்று இரவு வீட்டில் வைத்திருக்க முடிந்தவர்கள் வைத்திருங்கள். விசா இல்லாதவரை வைத்திருந்தால் நமக்கு வழக்கு வருமா என்று பயப்படுகிறோம். மனிதாபிமானத்தோடு, கைம்மாறு ஒன்றும் வாங்காமல் செய்யும் உதவிக்குத் தண்டனை இல்லை. சகோதரத்துவம் இந்த நாட்டின் அரசியலமைப்புக் கோட்பாடு என்று அரசியலமைப்புச் சபை 2018 ஜூலை 6இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் கணவர் தேடி வரக்கூடிய ஆபத்து இருந்தால், நம் வீடு பாதுகாப்பான இடம் அல்ல. அப்போது 17ஐயும் 3919ஐயும் முன்னிட்டுச் செய்வதே புத்தி.

கடைசியாக, மறந்துபோகாதீர்கள். முதல் வாரம் எல்லோரும் சாமான் கொண்டுவருவோம். எட்டாம் மாதம் ஒருவரும் தொலைபேசி எடுக்கமாட்டோம். அந்த எட்டாம் மாதத்தில்தான், “பேசாமல் திரும்பிப் போவமோ” என்ற எண்ணம் வருமாம். அந்தச் சகோதரியே எனக்குச் சொன்னார். அந்த மாதத்தில் ஒருவர் சோறும் பருப்பும் கொண்டுபோய் ஹோட்டல் வாசலில் நின்றால், வழி இன்னும் திறந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஐந்தாவது வருடத்தில் அவருக்கு வீடு கிடைத்தது. இரண்டு அறை, மூன்றாம் மாடி. பால் காய்ச்சி ஜெபிக்கக் கூப்பிட்டார். அன்று கூட்டத்தில் இதைச் சொன்னபோது என்னால் தொடர்ந்து பேச முடியாமல் போயிற்று. எழுத்தில் சொல்லிவிடுகிறேன். ஜெபம் முடிந்ததும் அவர் தேநீர் ஊற்றித் தந்தார். மகள் உயர்ந்து வளர்ந்துவிட்டாள். தட்டில் வடை வைத்து என் முன்னால் நீட்டி, “எடுங்கோ ஆன்ட்டி” என்றாள். அந்த இரவு அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. எடுத்துச் சாப்பிட்டேன்.

வாசிக்கிற அன்பானவரே, இந்த வருடமும் மார்கழி வரும். ஆராதனை முடிந்து மண்டபத்தைப் பூட்டும் நேரத்தில், யாராவது ஒருத்தி கடைசி ஆளாக நிற்கக்கூடும். அவருடைய பையைப் பாருங்கள். “என்ன நடந்தது தங்கச்சி?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அப்படிக் கேட்கிற சபையாக ஆண்டவர் நம்மை வைத்துக் காப்பாராக. ஆமென்.